கிங் கிரிம்சனின் 1981 கிட்டார் ரிஃப்கள்: எண்ணிக் கேட்பது எப்படி?

சிக்கலான தாளங்களில் ஓடும் ராக் வகையான ப்ராக் ராக் பற்றிப் பேச்சு வந்தால் கிங் கிரிம்சன் என்ற பேண்டின் பெயர் வராமல் இருக்காது. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் 1969-இல் வந்த முதல் ஆல்பத்தோடு முடிந்துவிடும், மிஞ்சினால் 1974-இன் 'ரெட்' வரை போகும். 1974-இல் கலைந்து 1981-இல் திரும்பி வந்த நால்வர் கூட்டணியை ரசிகர்களிலேயே பாதிப்பேர் ஓரங்கட்டிவிடுகிறார்கள். அதை வேறு பேண்ட் என்றே எடுத்துக்கொள்ளலாம். அவர்களே முதலில் 'டிசிப்ளின்' என்ற பெயரில்தான் தொடங்கினார்கள், பழைய பெயர் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது.

பழைய ஆட்களில் மிஞ்சியவர்கள் கிட்டாரில் ராபர்ட் ஃபிரிப், டிரம்ஸில் பில் புரூஃபோர்ட். புதிதாக வந்தவர்கள் இரண்டு அமெரிக்கர்கள். ஏட்ரியன் பெலூ பாட்டும் இரண்டாவது கிட்டாரும். டோனி லெவின் பேஸ் கிட்டாரும் சேப்மன் ஸ்டிக்கும். ஸ்டிக் என்பது இரண்டு கை விரல்களாலும் தட்டி வாசிக்கும் பத்துக் கம்பிக் கருவி.

இவர்களுடைய ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்னக் கிட்டார் மெட்டுகள், முதல் முறை கேட்கும்போது தலை சுற்றும். தனித்தனியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் எளிமையானது. ஏழோ ஐந்தோ ஸ்வரம், அதுவே திரும்பத் திரும்ப. சிக்கல் ரிஃபுக்குள் இல்லை, ஒரு ரிஃப் இன்னொன்றைத் தாண்டி நழுவுவதில் இருக்கிறது. அந்த நழுவலைக் காதால் பிடிப்பதுதான் இங்கே பாடம். கைத்தாளம் போடத் தெரிந்தால் போதும், கிட்டார் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை.

தேவையானவை

'டிசிப்ளின்' ஆல்பம், 1981. ஏழு டிராக், நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கிறது. இந்தப் பாடத்துக்கு அதில் மூன்று டிராக் போதும்.

இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி தரும் ஹெட்போன் அவசியம். இரண்டு கிட்டார்களும் ஒரே மாதிரிச் சுத்தமான தொனியில் ஒலிப்பவை. இடது வலது வித்தியாசம் போய்விட்டால் எது யாருடையது என்று பிரிக்க வழியில்லை. ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு 'ஒரே இரைச்சல்' என்று கைவிடுபவர்கள் அதிகம். போன் செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் 'மோனோ ஆடியோ' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒலியை அகலப்படுத்தும் எஃபெக்ட் எது இருந்தாலும் அதையும் அணைத்துவிடுங்கள்.

எண்ணுவதற்குச் சொற்கட்டு. ஒன்று, இரண்டு என்று எண்ணினால் இந்த வேகத்தில் நாக்கு தடுமாறும். 'இரண்டு' என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு ஸ்வரம் ஓடிவிடும். சொற்கட்டில் ஓர் எழுத்துக்கு ஓர் அடி.

3 = தகிட
4 = தகதிமி
5 = தகதகிட
7 = தகிட தகதிமி

முதல் படி: ஏழை எட்டின் மேல் ஓட்டிப் பார்த்தல்

பாட்டைப் போடாதீர்கள். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் போடுங்கள், நிதானமாக, ஓர் எண்ணிக்கைக்கு ஓர் எழுத்து. வாயில் 'தகிட தகதிமி' மட்டும், இடைவெளி விடாமல்.

முதல் சுற்று சமத்தில், அதாவது தாளத்தின் முதல் எண்ணிக்கையில், தொடங்கும். இரண்டாவது சுற்றின் 'த' அதே ஆவர்த்தனத்தின் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) எட்டாவது எண்ணிக்கையில், அதாவது கடைசி வீச்சில் வந்து விழும். மூன்றாவது சுற்று அடுத்த ஆவர்த்தனத்தின் ஏழில், கடைசித் தட்டில். நான்காவது அதற்கடுத்ததன் ஆறில். இப்படி ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணிக்கை முன்னால் நகர்ந்து, தாளம் ஏழு ஆவர்த்தனம் முடிக்கும்போது, வாய் எட்டுச் சுற்று முடித்து, இரண்டும் சமத்தில் சேரும். மொத்தம் 56 எண்ணிக்கை.

இதில் எல்லோரும் விழும் இடம் ஒன்று உண்டு. மூன்றாவது நான்காவது சுற்றில் வாய் தானாகவே ஓர் எழுத்தை இழுத்து 'தகிட தகதிமீ' என்று எட்டாக்கிக்கொள்ளும். கை வாயை இழுக்கிறது என்று அர்த்தம். சத்தமாகச் சொல்லுங்கள், தட்டை மெதுவாக வையுங்கள். 56-இல் சரியாகச் சேராவிட்டால் எங்கோ ஓர் எழுத்து கூடியிருக்கிறது.

இரண்டாம் படி: 'தேலா ஹன் ஜிஞ்ஜீட்'

முதலில் இந்த டிராக்கைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. டிரம்ஸும் பேஸும் உறுதியான 4/4-இல் (நாலு நாலாக எண்ணுவது) நிற்கின்றன, ஒரு கிட்டார் மட்டும் 7/8-இல் (ஏழு ஏழாக) அதன் மேல் ஓடுகிறது. நீங்கள் இப்போது கையும் வாயுமாகச் செய்த அதே கணக்கு, நாலு மடங்கு வேகத்தில்.

முதல் முறை கேட்கும்போது காலால் டிரம்ஸை மட்டும் பிடியுங்கள். கிட்டார் பக்கம் போகவே வேண்டாம். கால் தானாக ஓடத் தொடங்கிய பிறகு, இரண்டாம் முறை, ஹெட்போனில் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். பிறகு பக்கத்தை மாற்றுங்கள். எந்தக் காதில் சிறிய வட்டமாகச் சுழலும் கிட்டார் கிடைக்கிறதோ அதற்கு 'தகிட தகதிமி' சொல்லிப் பாருங்கள். பிரிப்பு மாறி 'தகதிமி தகிட' என்று உங்கள் வாயில் உட்கார்ந்தால் கவலை இல்லை. கூட்டுத்தொகை ஏழாக இருந்தால் வட்டம் தப்பாது. யூடியூபில் கேட்பதானால் வேகத்தை 0.75-க்குக் குறைக்கலாம், சுருதி மாறாது. அதற்கும் கீழே போனால் அடிகள் குழம்பித் தெரியும்.

மூன்றாம் முறை, கால் டிரம்ஸில், வாய் கிட்டாரில். இரண்டும் சேர்ந்து நாலு சுற்று தாக்குப்பிடித்தாலே பெரிய விஷயம்.

நடுவில் பெலூவின் பேச்சு வரும். தெருச் சத்தத்தைப் பதிவு செய்ய டேப் ரெக்கார்டருடன் லண்டன் தெருவில் இறங்கியவர் அங்கே சிலரிடம் மாட்டிக்கொண்டு, தப்பித்து, ஸ்டுடியோவுக்கு வந்து படபடப்போடு சொன்ன கதை அது. ஃபிரிப் அவருக்குத் தெரியாமலே அதைப் பதிவு செய்ய வைத்துவிட்டார். அந்தப் பேச்சு ஓடும்போது எண்ணிக்கை கலையும். அங்கே விட்டுவிட்டுக் கதையைக் கேளுங்கள்.

மூன்றாம் படி: 'ஃப்ரேம் பை ஃப்ரேம்'

ஆல்பத்தின் உச்சம் இதுதான். முந்தைய டிராக்கில் கிட்டார் டிரம்ஸிலிருந்து நழுவியது. இதில் கிட்டாரிலிருந்து கிட்டாரே நழுவுகிறது. தொடக்கத்தில் வரும் அதிவேக ஓட்டத்தைப் பார்த்து மிரண்டு, அதுதான் சிக்கலான பகுதி என்று நினைத்துவிடாதீர்கள். அது கை வேகம் மட்டும். உண்மையான வேலை, அந்த ஓட்டம் அடங்கி இரண்டு கிட்டார்களும் மணி ஒலி போன்ற தொனியில் ஏழு ஏழாகச் சுழலும் இடத்தில் நடக்கிறது. முதலில் இரண்டும் ஒன்றாகவே போகும். பிறகு ஒன்று மட்டும் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் கடைசி ஸ்வரத்தை உதிர்த்துவிடும். ஒருவர் 7, 7. மற்றவர் 7, 6. பதினான்குக்கு எதிராகப் பதின்மூன்று.

உதிர்த்தவர் ஒரு ஸ்வரம் முன்னால் போய்விடுவார். அடுத்த ஜோடியில் இரண்டு ஸ்வரம். சிக்னலில் நிற்கும் இரண்டு வண்டிகளின் இண்டிகேட்டர்கள் ஒன்றாக மினுங்கிக்கொண்டிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக விலகி, மாறி மாறி மினுங்கி, மறுபடி ஒன்றாகும் அல்லவா, அதே இயக்கம்தான். விலகும்போது இரண்டு கிட்டார்களின் ஸ்வரங்களும் கோர்த்துக்கொண்டு, இருவருமே வாசிக்காத மூன்றாவது மெட்டு ஒன்று காதில் கேட்கும். இந்தோனேசியாவின் கமேலான் குழுக்களில் இரண்டு பேர் ஒரு மெட்டைப் பங்கு போட்டு வாசிக்கும் முறை உண்டு. இந்தக் கூட்டணிக்கு அந்த இசையின் தாக்கம் உண்டு என்பது இங்கே நேராகவே கேட்கிறது.

காதால் பிடிக்குமுன் இரண்டு பேர் உட்கார்ந்து வாயால் செய்துவிடுவது நல்லது.

முதல் ஆள்: தகிட தகதிமி, தகிட தகதிமி, நிறுத்தாமல்.
இரண்டாம் ஆள்: தகிட தகதிமி, தகிட தகிட. இதையே திரும்பத் திரும்ப.

முதல் ஆள் 13 சுற்றும் இரண்டாம் ஆள் 7 ஜோடியும் முடிக்கும்போது 91-ஆவது எழுத்தோடு இரண்டும் சேரும். ஒருவர் குரல் மற்றவரை இழுக்கும் என்பதால் எதிரெதிரே உட்காராமல் முதுகு காட்டி உட்காருங்கள். பொது அடியை ஒரு மெட்ரோனோம் ஆப் பார்த்துக்கொள்ளட்டும்.

இதைச் செய்துவிட்டு டிராக்குக்குத் திரும்பினால், முன்பு இரைச்சலாகத் தெரிந்த இடத்தில் ஒரு கிட்டார் 'எகிறும்' கணம் தெளிவாகக் கேட்கும். அந்த ஒரு கணம் பிடிபட்டால் போதும், மீதி தானாக வந்துவிடும். பிடிபடாவிட்டால் பிரிந்த இடத்தைத் தேடாமல், ஒன்றாகச் சேரும் இடத்தைத் தேடிப் பாருங்கள். சேர்ந்தவுடன் ஒலி சட்டென்று மெலிந்து ஒற்றைக் கிட்டார் போல ஆகும்.

நான்காம் படி: 'டிசிப்ளின்'

ஆல்பத்தின் கடைசி டிராக். பாட்டு இல்லை, வாத்தியம் மட்டும். கிட்டார்கள் ஐந்தைச் சுற்றியே பின்னப்பட்டிருக்கின்றன. 'தகதகிட' சொல்லிக்கொண்டு உள்ளே போகலாம். டிரம்ஸ் 17/16, அதாவது பதினேழு அடிக்கு ஒரு சுற்று. நம் வசதிக்கு அதை 'தகதிமி தகதிமி தகதிமி தகதகிட' என்று பிரித்துக்கொள்ளலாம். ஐந்தும் பதினேழும் சேர 85 அடி ஆகும். நடுவில் கிட்டார்களின் எண்ணிக்கையும் மாறிக்கொண்டே இருப்பதால் முழுக் கணக்கையும் காதால் பிடிக்க முயல்வது வீண் வேலை. ஒரு நேரத்தில் ஒரு கருவி, அவ்வளவுதான்.

புரூஃபோர்ட் இந்த ஆல்பத்தில் சிம்பல்களைப் பெரிதும் ஒதுக்கி வைத்திருப்பதைக் கவனியுங்கள். வழக்கமான ராக்கில் சிம்பலின் 'ஸ்ஸ்' மேல் ஸ்தாயியை நிரப்பிவிடும். இங்கே அந்த இடம் காலியாக இருப்பதால்தான் இரண்டு கிட்டார்களின் நுனி ஒலிகூடக் கேட்கிறது.

நம் ஊர்க் காதுக்கு வரும் சிக்கல்

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்குக் கணக்கு சீக்கிரம் பிடிபடும், ஏமாற்றமும் சீக்கிரம் வரும். தனி ஆவர்த்தனத்தில் எத்தனை குறுக்குக் கணக்குப் போனாலும் கோர்வை வந்து சமத்தில் விழும், சபை தலையாட்டும். அந்தத் தீர்மானத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். இரண்டு வட்டங்கள் சேரும் இடத்தை யாரும் அழுத்திக் காட்டுவதில்லை. சேர்ந்தார்கள், பிரிந்தார்கள், அவ்வளவே. தீர்மானத்துக்காகக் காத்திருந்தால் டிராக் முடிந்துவிடும்.

இன்னொன்று, ராக் என்றாலே சோலோ எப்போது வரும் என்று காத்திருப்பது. இங்கே ரிஃப்தான் முன்னால் நிற்கும் ஆள்.

கருவி அடையாளத்திலும் சறுக்கல் வரும். 'எலிஃபென்ட் டாக்' தொடக்கத்தில் விரல் விளையாடுவதைக் கிட்டார் என்று நினைப்பார்கள், அது லெவினின் ஸ்டிக். 'தி ஷெல்ட்டரிங் ஸ்கை' டிராக்கில் ஏதோ ஊதுகருவி போல வருவது ரோலண்ட் கிட்டார் சிந்தசைஸர்.

கிட்டார் கையில் இருந்தால்

பாட்டின் ரிஃபை நகலெடுக்க இப்போதைக்கு முயல வேண்டாம். அதே இயக்கத்தை எளிய ஸ்வரங்களில் செய்து பாருங்கள். ஏழு ஸ்வரம், ஐந்தாம் ஃப்ரெட் பக்கம்:

டி கம்பி 7, ஜி கம்பி 5, ஜி 7, பி கம்பி 5, பி 8, பி 5, ஜி 7.

ஆறாக வேண்டுமானால் கடைசி ஜி 7-ஐ விட்டுவிடுங்கள். இது ஏ மைனர் பென்டடானிக். அரை ஸ்வர இடைவெளி இதில் இல்லாததால் எத்தனை நழுவினாலும் இரண்டு கிட்டார்களும் கடித்துக்கொள்ளாது. பழக இதைவிட வசதியானது இல்லை.

மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஒரு கிளிக்குக்கு இரண்டு ஸ்வரம். ஏழு ஸ்வர வடிவத்தைப் போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள், கிளிக் சத்தமும் அதில் கேட்கட்டும். பதிவை ஓடவிட்டு அதோடு முதல் ஸ்வரத்திலிருந்து 7, 6, 7, 6 என்று வாசியுங்கள். 91 ஸ்வரம் கழித்து, சுமார் 45 வினாடியில், இரண்டும் சேர வேண்டும். 91 ஒற்றைப்படை என்பதால் சேரும் இடம் கிளிக்கின் மேல் விழாது, இரண்டு கிளிக்குகளுக்கு நடுவே விழும். கிளிக்கில் சேர்ந்தது போலத் தோன்றினால் தவறு நடந்திருக்கிறது.

தவறு பெரும்பாலும் பிக் பிடிக்கும் கையில்தான் இருக்கும். கீழ் மேல் என்று மாற்றி மாற்றி அடிக்கும்போது, ஏழு ஸ்வரச் சுற்றில் முதல் சுற்று கீழடியில் தொடங்கினால் அடுத்தது மேலடியில் தொடங்கும். கை இதை விரும்பாது. கீழடிக்குத் திரும்ப ஒரு நொடி தயங்கும், அந்தத் தயக்கமே எட்டாவது அடியாகிவிடும். இதற்கு மருந்து, ஒரே கம்பியில் மேலடியில் மட்டும் அழுத்தம் கொடுத்துப் பழகுவது. ஆம்பில் டிஸ்டார்ஷனை முழுக்க அணைத்துவிடுங்கள். ஸ்வரம் ஒன்றோடு ஒன்று ஈஷிக்கொண்டால் நழுவல் காதில் விழாது. தடுமாறாமல் மூன்று முறை 91-ஐத் தொட்ட பிறகு வேகத்தை நான்கு நான்காக ஏற்றலாம்.

இதே நால்வர் 1982-இல் 'பீட்', 1984-இல் 'த்ரீ ஆஃப் எ பெர்ஃபெக்ட் பேர்' என்று இன்னும் இரண்டு ஆல்பம் தந்திருக்கிறார்கள். அடுத்து 'பீட்' ஆல்பத்தின் முதல் டிராக்கான 'நீல் அண்ட் ஜாக் அண்ட் மீ'-யைப் போடுங்கள், ஒரு பக்க ஹெட்போனைக் கழற்றிவிட்டு.