மொபைல் டாங்கிளை வைத்துக் கையடக்க வைஃபை ரூட்டர் செய்வது எப்படி?

கடையில் கிடைக்கும் பாக்கெட் ஹாட்ஸ்பாட்டில் மோடம், வைஃபை, பேட்டரி மூன்றும் ஒரே டப்பாவுக்குள் இருக்கும். பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாத கருவியில் அது உப்பிவிட்டால் முழுக் கருவியும் வீண்தான். மோடமுக்கு சிம் போடும் யுஎஸ்பி டாங்கிள், வைஃபைக்கு ரூட்டர், பேட்டரிக்கு பவர் பேங்க் என்று மூன்றையும் தனித்தனியாக வாங்கி நாமே இணைத்துக்கொண்டால், கெட்டுப்போனதை மட்டும் மாற்றலாம். இன்னொரு வசதியும் உண்டு. சிக்னல் ஜன்னலோரத்தில் மட்டும்தான் வருகிறது என்றால், டாங்கிளை மட்டும் சிறிய கேபிளில் ஜன்னல் பக்கம் நீட்டிவிட்டு ரூட்டரைச் சற்றுத் தள்ளி வைக்கலாம். இதற்கு சால்டரிங் வேண்டாம், புரோகிராமிங் தெரிந்திருக்கவும் வேண்டாம். ஒரு மாலைப்பொழுது போதும்.

என்னென்ன வேண்டும்?

ரூட்டருக்கு ஜிஎல்-ஐநெட் நிறுவனத்தின் மேங்கோ மாடலை எடுத்துக்கொள்கிறேன். 58 மில்லிமீட்டர் சதுரம், சட்டைப்பையில் அடங்கிவிடும். சாதாரண வீட்டு ரூட்டர் சிலவற்றிலும் யுஎஸ்பி துளை இருக்கும், ஆனால் பலவற்றில் அது பென் டிரைவ் போட மட்டும்தான். மேங்கோ ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற மென்பொருளில் ஓடுகிறது. டாங்கிள்களை அடையாளம் காணத் தேவையான டிரைவர்கள் அதிலேயே இருக்கின்றன.

டாங்கிளுக்கு ஹுவாவே இ3372. இதில் எச், எஸ் என்று இரண்டு வகை உண்டு, புதியவர்கள் எச் வகையையே வாங்குங்கள். அது தானே நெட்வொர்க்கில் சேர்ந்துகொண்டு, ரூட்டருக்கு ஒரு லேன் கார்டு போலத் தெரியும். எஸ் வகையில் அந்த வேலையை ரூட்டர்தான் செய்ய வேண்டும், அமைப்புகளும் கூடுதல்.

வாங்கும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியது பேண்டு, அதாவது சிக்னல் வரும் அலைவரிசை. ஜியோவின் 4ஜி சேவை 3, 5, 40 ஆகிய பேண்டுகளில் வருகிறது. ஐரோப்பாவுக்கென்று தயாரான டாங்கிள்கள் பலவற்றில் 40 கிடையாது. ஆகவே முழு மாடல் எண்ணைக் கேட்டு, உங்கள் சிம் நிறுவனத்தின் பேண்டுகள் அதில் உண்டா என்று சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஒரே நிறுவன சிம்முக்கு லாக் செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள். பழைய 3ஜி டாங்கிள் வீட்டில் கிடந்தால் அதில் ஜியோ சிம் வேலை செய்யாது.

இவற்றோடு 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றும், ஓரடி நீளத்தில் நல்ல யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளும் வேண்டும்.

முதல் படி: டாங்கிளைத் தனியாகச் சோதியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செருகிவிட்டால், வேலை செய்யாதபோது எங்கே கோளாறு என்று தெரியாது. அதனால் முதலில் டாங்கிளை லேப்டாப்பில் மட்டும் போடுங்கள். சிம் துளை பெரிதாக இருந்தால் நானோ சிம்மை அடாப்டரில் வைத்துத்தான் நுழைக்க வேண்டும். வெறுமனே நுழைத்தால் உள்ளே இருக்கும் பின்கள் வளைந்துவிடும். சிம்முக்கு பின் எண் போட்டிருந்தால், போனில் வைத்து அதை நீக்கிவிடுங்கள்.

பிரவுசரில் 192.168.8.1 என்று அடித்தால் டாங்கிளின் பக்கம் திறக்கும். நெட் வரவில்லை என்றால், சிம் நிறுவனத்தின் இணைய நுழைவாயிலைக் குறிக்கும் ஏபிஎன் பகுதியில், உங்கள் நிறுவனம் சொல்லும் பெயரைச் சேருங்கள். ஜியோவுக்கு ஜியோநெட் என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். லேப்டாப்பில் நெட் வந்த பிறகுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

இரண்டாம் படி: ரூட்டரின் முகவரியை மாற்றுங்கள்

இந்த வேலையிலேயே புதியவர்கள் அதிகம் திணறும் இடம் இதுதான். மேங்கோ ரூட்டரின் முகவரியும் 192.168.8.1, டாங்கிளின் முகவரியும் அதுவே. இரண்டும் அப்படியே இணைந்தால், ஒரு டேட்டா துண்டை உள்ளே அனுப்புவதா வெளியே அனுப்புவதா என்று ரூட்டருக்குத் தெரியாது. எல்லா விளக்கும் எரியும், நெட் மட்டும் வராது.

டாங்கிளைக் கழற்றி வைத்துவிட்டு ரூட்டரை மட்டும் சார்ஜரில் போடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். போனை அதில் இணைத்து, 192.168.8.1 பக்கத்தைத் திறந்து, அட்மின் பாஸ்வேர்டு ஒன்றை அமையுங்கள். அப்புறம் லேன் அமைப்புக்குப் போங்கள். பழைய பதிப்பில் அது மோர் செட்டிங்ஸ் என்பதற்குள் இருக்கும், புதியதில் நெட்வொர்க் என்பதற்குள். அங்கே முகவரியை 192.168.20.1 என்று மாற்றிச் சேமியுங்கள். உடனே இணைப்பு அறுந்துவிடும், பயப்பட வேண்டாம். போனில் வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி போட்டு, இனிமேல் புதிய முகவரியில் நுழையுங்கள். லேபிளில் உள்ள வைஃபை பாஸ்வேர்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

மூன்றாம் படி: இரண்டையும் இணைப்பது

டாங்கிளை ரூட்டரின் யுஎஸ்பி துளையில் செருகி ஒரு நிமிடம் பொறுங்கள். இந்த டாங்கிள்கள் முதலில் சிடி டிரைவ் போலத்தான் தலைகாட்டும். கணினிக்கான டிரைவர் மென்பொருள் அதற்குள்ளேயே இருக்கும். ரூட்டர் அதைப் புரிந்துகொண்டு மோடமாக மாறச் சொல்லும், அதற்குத்தான் அந்த ஒரு நிமிடம்.

பிறகு இன்டர்நெட் பக்கத்தில் பாருங்கள். எச் வகை டாங்கிள் செல்லுலார் பகுதியில் வராமல் டெதரிங் பகுதியில் தோன்றலாம். லேன் கார்டு போல நடந்துகொள்வதால் அப்படி. கனெக்ட் என்பதை அழுத்தினால் முடிந்தது. முகவரிகள் வேறுவேறாகிவிட்டதால், ரூட்டர் வழியாகவே 192.168.8.1 பக்கத்தைத் திறந்து டாங்கிளையும் பார்க்க முடியும்.

டாங்கிள் இன்னும் வாங்கவில்லையா? ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் இதே பகுதியில் வரும். பழகிப் பார்க்க அது போதும்.

மின்சாரம்

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நெட் அறுந்து மறுபடி வருகிறதா? சிம் நிறுவனத்தைத் திட்டும் முன் மின்சாரத்தைப் பாருங்கள். சிக்னல் பலவீனமான இடத்தில் டாங்கிள் முழு சக்தியோடு டவரை எட்ட முயலும், அப்போது மின்னோட்டம் திடீரென்று ஏறும். 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜர் அங்கே தடுமாறிவிடும். 2 ஆம்பியர் தரும் துளையிலிருந்தே ரூட்டருக்கு மின்சாரம் கொடுங்கள். மெல்லிய, நீளமான கேபிளில் வோல்டேஜ் இறங்கும், அதனால்தான் எக்ஸ்டென்ஷன் ஓரடி போதும் என்றேன். ஜன்னல் தூரம் என்றால் செம்பு கூடிய தடித்த கேபிளைத் தேடாமல், ரூட்டரையே கொஞ்சம் நகர்த்திவிடுங்கள்.

10,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட்டில் 37 வாட்-ஹவர். 5 வோல்ட்டாக மாறும்போது ஆகும் இழப்பு போக 30 தேறும். ரூட்டரும் டாங்கிளும் சேர்ந்து 3 முதல் 4 வாட் எடுத்தால் 7 முதல் 10 மணி நேரம் ஓடும். பவர் பேங்கை சார்ஜில் போட்டபடியே பயன்படுத்த நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பல பவர் பேங்குகள் சார்ஜரைச் செருகும் கணத்தில் ஒரு நொடி மின்சாரத்தை நிறுத்தும், ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். வீடியோ கால் தொடங்கும் முன்பே செருகிவிடுவது நல்லது.

பெட்டியில் வைப்பது

மூன்றையும் வெல்க்ரோ போட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஒட்டலாம். எவர்சில்வர் டப்பா வேண்டவே வேண்டாம், உலோகம் சிக்னலை அடைத்துவிடும். டாங்கிள் நன்றாகச் சூடாகும் என்பதால் அதை வெளியே நீட்டி விடுங்கள், பவர் பேங்கின் மேல் படுக்க வைக்காதீர்கள். பிரவுசரில் டாங்கிளின் பக்கத்தில், சிக்னல் பலத்தைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண் காட்டினால், அதைப் பார்த்துக்கொண்டே டாங்கிளை நகர்த்துங்கள். மைனஸ் 80 என்றால் அருமை, மைனஸ் 100 சமாளிக்கும், மைனஸ் 115க்குக் கீழே போனால் வேறு இடம் பாருங்கள்.

கடைசியாக, லேப்டாப்பில் இந்த வைஃபையை மீட்டர்டு கனெக்ஷன் (டேட்டா அளவு உள்ள இணைப்பு) என்று குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் ஒன்றே அன்றைய டேட்டாவைத் தின்றுவிடும்.