சுகூக் வாங்குவதற்கு முன்

சுகூக் என்பது வட்டி கூடாது என்ற இஸ்லாமியச் சட்டத்துக்கு (ஷரீஆ) ஒத்து வெளியிடப்படும் முதலீட்டுப் பத்திரம். ஒரு உதாரணம்: மண்ணடியில் ஒரு கிடங்கு. நூறு பேர் சேர்ந்து அதை ஒரு கம்பெனியிடம் வாங்கி, அதே கம்பெனிக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஐந்து வருடம் வாடகையைப் பிரித்துக்கொள்கிறார்கள். முடிவில் கம்பெனியே பழைய விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இஜாரா (வாடகை) சுகூக் இவ்வளவுதான். வருவது வாடகை என்பதால் வட்டிக் கணக்கில் சேராது.

நன்மை சுருக்கமானது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருமானம், போட்ட முதல் திரும்ப வரும் தேதி முன்கூட்டியே தெரியும், சாராயம், சூது போன்ற தொழில்களுக்குப் பணம் போகாது. மலேசியா, சவூதி, இந்தோனேசியா அரசுகளே வெளியிடுகின்றன. டாலர் சுகூக் என்றால், ரூபாய் சரிந்தால் நமக்கு லாபம். ஏறினால் நஷ்டமும் நமக்குத்தான்.

சிக்கல் கிடங்கில் இருக்கிறது. பெரும்பாலான சுகூக்குகளில் சொத்து பேப்பரில் மட்டுமே கைமாறும். கம்பெனி நொடித்தால் கிடங்கை விற்றுப் பணம் எடுக்க முடியாது; ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே ஆவணத்தில் மூன்று இடங்களைப் படியுங்கள்: சொத்து உண்மையில் விற்கப்பட்டதா, திரும்ப வாங்குவதாக உறுதி தந்தது யார், தகராறு எந்த நாட்டுச் சட்டப்படி தீரும். ஷார்ஜாவின் எரிவாயு நிறுவனம் டானா காஸ் 2017-ல், தான் வெளியிட்ட 70 கோடி டாலர் சுகூக் இப்போது ஷரீஆவுக்கு ஒத்துவரவில்லை, ஆகவே பணம் தர வேண்டியதில்லை என்று கோர்ட்டுக்கே போனது. 2018-ல்தான் சமரசம் ஆனது. சுகூக் ஷரீஆவுக்கு ஒத்தது என்று சான்று தரும் ஷரீஆ குழுவின் கையெழுத்து பணத்துக்கு ஜாமீன் ஆகாது.

‘வட்டியே இல்லையே, வட்டி விகிதம் ஏறினால் எனக்கென்ன?’ என்று இருந்துவிடாதீர்கள். சந்தை வட்டி 1 சதவீதம் ஏறினால், ஐந்து வருடம் மீதமுள்ள சுகூக்கின் விலை ஏறக்குறைய 4 முதல் 5 சதவீதம் இறங்கும். நடுவில் விற்பவருக்கு அடி.

சர்வதேச சுகூக்கில் குறைந்தபட்சத் தொகை பல நேரம் 2 லட்சம் டாலர். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத வெளிநாட்டுக் கடன் பத்திரத்தை இந்தியாவில் வசிக்கும் தனிநபர் வாங்கவும் கூடாது. நடைமுறையில் கைக்கெட்டும் வழி, அமெரிக்கச் சந்தையில் ‘எஸ்பிஎஸ்கே’ என்ற குறியீட்டில் கிடைக்கும் சுகூக் இடிஎஃப் (பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்). அமெரிக்கப் பங்கு வாங்க உதவும் தளத்தில் கணக்கு தொடங்கி, வங்கியில் பான் எண்ணோடு, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் கொடுத்துப் பணம் அனுப்ப வேண்டும். இப்படி அனுப்ப உச்சவரம்பு நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி): 12 லட்சம் அனுப்பினால் 40,000 ரூபாய் பிடிப்பார்கள், வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.

சின்னத் தொகையைத் தவணை தவணையாக அனுப்பாதீர்கள். 50,000 ரூபாய்க்குக் கட்டணமும் டாலர் விலை வித்தியாசமுமாக 1,000 போனால் அதுவே 2 சதவீதம். அதன்மேல் இடிஎஃப் செலவு. வரும் வருமானத்திலும் அமெரிக்கா 25 சதவீதம் வரி பிடிக்கும். வைத்திருப்பவர் இறந்து, அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டியிருந்தால், அங்கே வாரிசுச் சொத்து வரியும் உண்டு.

தெரிந்தவர் சொன்னார் என்று ‘மாதம் 3 சதவீதம் ஹலால் லாபம்’ திட்டத்தில் போடுவது சுகூக் ஆகாது. எந்தச் சொத்து, எந்தச் சந்தையில் பட்டியல் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஷரீஆ முறைப்படி நடக்கும் டாடா எத்திக்கல் ஃபண்டும் சுகூக் அல்ல, அது பங்கு ஃபண்ட்.

ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்ஏ அட்டவணையை நிரப்ப மறக்காதீர்கள். விட்டால் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். பலர் தடுமாறுவது தேதியில்: அந்த அட்டவணைக்கு ஏப்ரல்–மார்ச் கணக்கு செல்லாது, ஜனவரி முதல் டிசம்பர் வரை எழுத வேண்டும்.