ஒலி 96.8 கேட்கிறது, மற்றவை போய்விட்டன: எஸ்டிஆர் அலைவாங்கியைக் கெடுக்கும் தவறுகள்

சென்ற வாரம் சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு தம்பி தன் புது ஹேக்ஆர்எஃப் ஒன் கருவியோடு வந்தான். கணினி மென்பொருளின் துணையோடு வானொலி அலைகளைப் பிடிக்கும் எஸ்டிஆர் கருவி அது. "அண்ணே, ஒலி 96.8 வானொலி தெளிவாகக் கேட்கிறது. மெல்லிய சிக்னல் எதுவும் வரவில்லை," என்றான். பக்கத்தில் யாராவது வாக்கி டாக்கியை அழுத்தினார்களா என்று கேட்டேன். அவன் முகம் தொங்கிவிட்டது.

தண்ணீர் படக்கூடாது, கீழே போடக்கூடாது என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

கெயினைக் குறைத்தால் காப்பு என்று நம்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும், ஏனென்றால் நானும் செய்தேன். சாப்பாட்டு மேசையில் என் கருவி. எதிரே என் அண்ணன் மகன், கையில் 446 மெகாஹெர்ட்ஸ் வாக்கி டாக்கி, அரை வாட். "திரையில் எப்படித் தெரிகிறது பார்ப்போம், சித்தப்பா," என்றான். நானும் விவரம் தெரிந்தவன் போல மென்பொருளில் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, மாற்றும் இரண்டு பட்டைகளையும் பூஜ்யத்துக்கு இழுத்துவிட்டு, "அழுத்து" என்றேன்.

அந்தப் பட்டைகளில் ஒன்றுக்கு எல்என்ஏ என்று பெயர், அதாவது இரைச்சல் குறைந்த பெருக்கி; வழக்கமாக ஆன்டெனாவை அடுத்து முதலில் நிற்பது. பெயரை நம்பி ஏமாறக் கூடாது. அது முதல் கட்டமன்று, சிக்னலை வேறு அலைவெண்ணுக்கு மாற்றிய பிறகு வரும் இடைநிலை அலைவெண்ணில் இருக்கும் பெருக்கி. ஆன்டெனாவுக்கு அடுத்து நிற்பது சுமார் 11 டெசிபெல் தரும் தனி முன்பெருக்கி. அதற்கு வேறு பொத்தான். அதை அணைக்க மறந்திருந்தேன். வாசலில் காவலாளி அடிபட்ட பிறகு உள்ளறைக் கதவைப் பூட்டி என்ன பயன்?

கணக்கைப் பாருங்கள். அந்தக் கருவி தாங்கும் உச்சம் மைனஸ் 5 டிபிஎம், அதாவது 0.3 மில்லிவாட். ஆன்டெனா அந்த அலைவெண்ணுக்குப் பொருந்தியிருந்தால், அரை வாட் கருவியிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1.5 மில்லிவாட் வந்து சேரும். முப்பது சென்டிமீட்டரில் அது பத்து மடங்கைத் தாண்டும். முன்பெருக்கி அணைந்திருந்தால் 10 டிபிஎம் வரை தாங்கக்கூடும் என்பார்கள். ஆனால் மென்பொருளில் ஒரு தவறான சொடுக்கு போதும், அது விழித்துக்கொள்ளும்.

புகை வராது, விளக்கு அணையாது. கருவி உயிரோடுதான் இருக்கும், காதுதான் போயிருக்கும். வலுவான எஃப்எம் நிலையங்கள் வழக்கம்போல வருவதால் ஆன்டெனாவையும் கேபிளையும் மாதக்கணக்கில் சந்தேகப்படுவோம். நான் மூன்று கேபிள் மாற்றினேன். சோதனை எளிது: மெல்லிய சிக்னல் ஒன்றைப் பிடித்து முன்பெருக்கியை இயக்குங்கள். சிக்னல் உயராமல் தாழ்ந்தால் அந்தச் சில்லு போய்விட்டது. சில்லு மலிவு, கடுகளவு பொருளைப் பற்றவைப்பதுதான் பெரும்பாடு.

காப்பு வேண்டுமென்றால் கருவிக்கு வெளியே, சிக்னலின் வலுவைக் குறைக்கும் அட்டெனுவேட்டரை மாட்டுங்கள். அல்லது பேசுகிறவரை அடுத்த அறைக்கு அனுப்பி, ஆன்டெனாவைக் கழற்றிவிடுங்கள்.

அட்டெனுவேட்டரின் வாட் அளவைப் பார்க்காமல் வாங்குவது

5 வாட் ஒலிபரப்பியைக் கேபிளால் நேரே இணைத்துச் சோதிக்கிறவர்கள் 30 டெசிபெல் போதும் என்கிறார்கள். அதைத் தாண்டியும் 5 மில்லிவாட் வருகிறதே! குறைந்தது 60 டெசிபெல் வேண்டும். அதிலும் முதலில் நிற்பது முழு 5 வாட்டையும் தாங்க வேண்டும். சிம் லிம் டவரில் வாங்கும்போது டெசிபெல்லை மட்டும் கேட்டுவிட்டு வந்தால், 2 வாட் துண்டு உங்கள் கண்ணெதிரே வெந்துபோகும்.

இடி வந்த பிறகு கழற்ற ஓடுவது

ஆண்டில் 160 நாட்களுக்கு மேல் இடி முழங்கும் ஊர் இது. துணி காயவைக்கும் மூங்கில் கம்பில் கட்டிய ஆன்டெனாமீது மின்னல் நேராக விழ வேண்டியதில்லை. அருகில் விழுந்தாலே கம்பியில் மின்னழுத்தம் எழும். கேட்டு முடித்ததும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிவிட்டால் கேபிளைத் தொடாதீர்கள். கருவி போனால் போகட்டும். ஜன்னல் கிரில்லில் கம்பியைச் சுற்றிவிட்டு எர்த் கொடுத்துவிட்டேன் என்று சொல்கிறவர்களோடு வாதாடுவதை நிறுத்திவிட்டேன்.

பயஸ் டீ

ஆன்டெனா கேபிள் வழியே வெளிப் பெருக்கிக்கு மின்சாரம் அனுப்பும் வசதி இது. தேவையில்லாதபோது அணைத்து வையுங்கள்.

டாங்கிள் சூடு

யுஎஸ்பியில் செருகும் சின்ன எஸ்டிஆர் டாங்கிள் சுடும். அதற்காக ஜன்னல் திட்டில் வெயிலில் வைக்காதீர்கள்.