கே.எஃப்.சி. வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டவர்கள் எல்லோருக்கும் கர்னல் சாண்டர்ஸ் கதை தெரிந்திருக்கும். 65 வயது வரை தொட்டதெல்லாம் தோல்வி. மாதம் 105 டாலர் அரசு ஓய்வூதியம். கோழி வறுக்கும் செய்முறையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறார், 1009 பேர் கதவைச் சாத்துகிறார்கள், 1010-வது ஆள் சம்மதிக்கிறார், உலகம் முழுக்க கே.எஃப்.சி. பிறக்கிறது. பள்ளி ஆண்டு விழாவிலும் விற்பனையாளர் பயிற்சியிலும் வாட்ஸ்அப்பிலும் இது ஓயாமல் சுற்றுகிறது. வணிகம் படிக்கும் மாணவர்களின் புராஜெக்ட் ஏடுகளிலும் இதே கதை அப்படியே ஏறிவிடுவதுதான் என்னை எழுதவைக்கிறது. ஒரு நிறுவனத்தின் வரலாறு என்பது யார் யாரோடு என்ன ஒப்பந்தம் போட்டார், எந்த ஆண்டு எது யார் கைக்குப் போனது என்பதன் கணக்கு. அந்தக் கணக்கைப் பார்க்காமல் எழுதும்போதுதான் கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் வருகின்றன.

முதலில் அந்த 1009. எந்த ஊர், எந்தக் கடை, எந்தத் தேதி என்று இந்த எண்ணைச் சொல்பவர்கள் யாரும் காட்டுவதில்லை. எண்ணை விடுங்கள், ஆண்டுகளே கதையைக் கவிழ்த்துவிடுகின்றன. ஹார்லண்ட் சாண்டர்ஸ் பிறந்தது 1890 செப்டம்பரில், இண்டியானா மாநிலத்தில். 1930-ல் கென்டக்கி மாநிலத்தின் கார்பின் ஊரில் ஒரு பெட்ரோல் பங்க்கை எடுத்து நடத்தத் தொடங்கினார். பெட்ரோல் போட வந்தவர்களுக்குத் தன் சாப்பாட்டு மேசையிலேயே சோறு போட்டது வளர்ந்து, சுற்றுவட்டாரத்தில் பெயர்பெற்ற உணவகமும் விடுதியும் ஆனது. 1939-ல் அது தீப்பிடித்து எரிந்தபோது, 140 பேர் உட்காரும் அளவுக்குப் பெரிதாகத் திரும்பக் கட்டினார். தொட்டதெல்லாம் தோற்ற மனிதர் செய்கிற வேலையா இது?

அதைவிட முக்கியம் 1952. அந்த ஆண்டே யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் உணவகம் நடத்திவந்த பீட் ஹார்மன் அவருடைய செய்முறையை வாங்கி, முதல் உரிமக் கடைக்காரர் (ஃபிராஞ்சைஸ் எடுத்தவர்) ஆகிவிட்டார். கார்பின் உணவகம் கைவிட்டுப் போனது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1956-ல். புதிய நெடுஞ்சாலை, இன்டர்ஸ்டேட் 75, ஊரை ஒதுக்கிவிட்டுப் போவதாகத் திட்டம் வந்ததால் வியாபாரம் படுக்கும் என்று தெரிந்து, சொத்தை ஏலத்தில் விற்றார். காரில் ஊர் ஊராகப் போனது, உணவகச் சமையலறையில் சமைத்துக் காட்டியது, காரிலேயே படுத்து உறங்கியது எல்லாம் உண்மைதான். ஆனால் புறப்பட்டபோது அவரிடம் கால் நூற்றாண்டு அனுபவம் இருந்தது, வேறொரு மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்த வெற்றிகரமான மாதிரிக் கடையும் இருந்தது. இந்த இரண்டையும் மறைத்துவிட்டு விடாமுயற்சியை மட்டும் காட்டுவது, கேட்கிற இளைஞனுக்குச் செய்யும் அநியாயம். அவன் அதை நம்பி, அனுபவமும் இல்லாமல், சோதித்துப் பார்த்த மாதிரியும் இல்லாமல், வீட்டு நகையை அடகு வைத்துக் கடை போடுவான்.

கர்னல் என்றதும் படைத்தளபதி என்று எழுதுவதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. சாண்டர்ஸ் பதின்ம வயதில், வயதைக் கூட்டிச் சொல்லி ராணுவத்தில் சேர்ந்து, கியூபாவில் சில மாதங்கள் வண்டியோட்டியாக இருந்தார். அத்தோடு சரி. 'கென்டக்கி கர்னல்' என்பது அந்த மாநில ஆளுநர் வழங்கும் மரியாதைப் பட்டம். 1935-ல் ஆளுநர் ரூபி லஃபூன் அவருக்கு அதை அளித்தார்.

ஒரே ஆளின் கதையாக்குவது

இதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய்வேர். 'கென்டக்கி ஃபிரைட் சிக்கன்' என்ற பெயர்ப்பலகை முதலில் ஏறியது கென்டக்கியில் அல்ல, யூட்டாவில். பெயரைச் சொன்னவர் ஹார்மன் அமர்த்திய பலகை எழுதும் ஓவியர் டான் ஆண்டர்சன். இன்று அந்தக் கடையின் அடையாளமாகிவிட்ட காகித வாளி 1957-ல் வந்ததும் ஹார்மனின் கடையில்தான். உரிமக் கடைகளுக்கான மசாலாவைக் கலந்து, பொட்டலம் கட்டி, தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தவர் சாண்டர்ஸின் மனைவி கிளாடியா. அவர் பெயர் இல்லாமல் எத்தனை கட்டுரைகள்!

ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் நொடித்துக்கிடந்த கே.எஃப்.சி. கடைகளைத் தூக்கி நிறுத்திய டேவ் தாமஸ், 1969-ல் அதே நகரில் வெண்டீஸ் என்ற சொந்தச் சங்கிலியைத் தொடங்கினார். உரிமம் எடுத்தவர்களும் அவர்களிடம் வேலை பார்த்தவர்களும் இந்தத் தொழிலை எவ்வளவு தூரம் உருவாக்கினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

பதினொரு மூலிகை மசாலா ரகசியத்துக்கே பாதிப் பக்கம் ஒதுக்குவதும் இந்த வகைத் தவறுதான். ரகசியம் நல்ல விளம்பரம். ஆனால் உரிமக் கடை சாத்தியமானதற்குக் காரணம் பிரஷர் குக்கர். இரும்புச் சட்டியில் கோழி வறுக்க அரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் பயணி காத்திருக்க மாட்டார், முன்கூட்டியே வறுத்து வைத்தால் ஆறிப்போய் வீணாகும். 1939 வாக்கில் சந்தைக்கு வந்த அழுத்தக் கலங்களை எண்ணெயில் வறுக்க ஏற்றபடி சாண்டர்ஸ் மாற்றியமைத்தபின், சில நிமிடங்களில் ஒரே பதத்தில் கோழி தயாரானது. யார் சமைத்தாலும், எந்த ஊரில் சமைத்தாலும் ஒரே ருசி வரும் என்ற நிலை வந்த பிறகுதான் அதை இன்னொருவருக்கு விற்க முடிந்தது. மசாலா அந்த ஒப்பந்தத்தின் பூட்டு. அதை சாண்டர்ஸிடம்தான் வாங்கவேண்டும், விற்கிற ஒவ்வொரு கோழிக்கும் சில சென்ட் அவருக்குச் சேரவேண்டும். கையைக் குலுக்கிப் போட்ட ஒப்பந்தங்களாகத்தான் பல கடைகள் தொடங்கின.

கைமாறிய வரிசையைத் தாவிச் செல்வது

'சாண்டர்ஸ் தொடங்கினார், இன்று யம் பிராண்ட்ஸ் நடத்துகிறது' என்று ஒரே வரியில் அறுபது ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறார்கள். உண்மையான நிறுவன வரலாறு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

1964-ல் சாண்டர்ஸ் 20 லட்சம் டாலருக்குத் தன் நிறுவனத்தை விற்றார். வாங்கியவர்கள் அப்போது 30 வயதான வழக்கறிஞர் ஜான் ஒய். பிரவுன், நாஷ்வில் நகர முதலீட்டாளர் ஜாக் மாஸி. பிரவுன் பிற்பாடு கென்டக்கி ஆளுநராகவும் ஆனார். 1966-ல் நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது. 1971-ல் ஸ்மிர்னாஃப் வோட்கா விற்றுவந்த ஹூப்ளைன் என்ற மது நிறுவனம் அதைச் சுமார் 28 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. 1982-ல் ஹூப்ளைனையே ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் என்ற சிகரெட் நிறுவனம் வாங்க, கோழிக்கடை புகையிலைக்காரர் கைக்குப் போனது. 1986-ல் பெப்சிகோ சுமார் 84 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. பீட்ஸா ஹட்டும் டாக்கோ பெல்லும் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தன. 1997-ல் மூன்றையும் சேர்த்து டிரைகான் என்ற தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டார்கள். அது 2002-ல் யம் பிராண்ட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இந்த வரிசையைத் தெரிந்துகொண்டால் பல கேள்விகளுக்கு விடை தானாக வரும். கே.எஃப்.சி.யில் ஏன் பெப்சி கிடைக்கிறது? 1986-ல் தொடங்கிய உறவு. எழுபதுகளில் ஏன் தரம் சரிந்தது, கடைகள் ஏன் மங்கிப்போயின? மது விற்கத் தெரிந்தவர்களுக்குச் சமையலறை நடத்தத் தெரியவில்லை என்பதே என் கருத்து. சாராயத்தைத் தொழிற்சாலையில் புட்டியில் அடைத்து மூடிவிடலாம். கோழியை ஆயிரக்கணக்கான கடைகளில் தினமும் புதிதாக வறுக்கவேண்டும்.

இந்த விற்பனையைச் சொல்லும்போது கூடவே இன்னொரு பிழையும் வருகிறது: '20 லட்சத்துக்கு விற்றதை ஏழே ஆண்டில் 28 கோடிக்கு விற்றார்கள், கிழவரை ஏமாற்றிவிட்டார்கள்.' இரண்டு தொகையும் ஒரே பொருளுக்கு உரியவை அல்ல. 1964-ல் இருந்தது 600-க்கும் சற்று அதிகமான உரிமக் கடைகள். ஹூப்ளைன் வாங்கியபோது ஏறக்குறைய 3,500. கனடா உரிமையை சாண்டர்ஸ் விற்கவே இல்லை. அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மறு ஆண்டே அங்கே ஒன்டாரியோவில் குடியேறினார். விளம்பர முகமாக இருப்பதற்கு வாழ்நாள் சம்பளமும் பேசிக்கொண்டார். அவருக்குக் கிடைத்தது போதுமா என்று கேட்கலாம், அது நியாயமான கேள்வி. ஆனால் ஒப்பந்தத்தின் எல்லா வரிகளையும் வைத்துக்கொண்டு கேட்கவேண்டும்.

அவருடைய மனக்கசப்பு பணத்தைவிட ருசியைப் பற்றியது. ஹூப்ளைன் காலத்தில் கிரேவி சுவர்க்காகிதம் ஒட்டும் பசை போல இருக்கிறது என்று பத்திரிகையாளரிடம் வெளிப்படையாகவே திட்டினார். அதற்காகத் தாய் நிறுவனமே அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். தீர்ப்பின் தலைப்பைப் பார்த்தாலே தெரியும், வழக்குப் போட்டது பௌலிங் கிரீன் ஊரின் கே.எஃப்.சி. நிறுவனம். குறிப்பிட்ட அந்தக் கடையைப் பற்றி அவர் பேசவில்லை என்று 1978-ல் கென்டக்கி உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது.

எல்லாக் கடைகளும் ஒருவருடையவை என்று நினைப்பது

யம் பிராண்ட்ஸின் கடைகளில் ஏறத்தாழ 98 சதவீதம் உரிமம் எடுத்தவர்கள் நடத்துபவை. ஆகவே 'கே.எஃப்.சி. இங்கே கடை திறந்தது, அங்கே மூடியது' என்று எழுதுவதற்கு முன் எந்த நிறுவனம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இந்தியாவில் தேவயானி இன்டர்நேஷனல், சஃபையர் ஃபுட்ஸ் என்ற இரண்டு நிறுவனங்கள் பெரும்பாலான கடைகளை நடத்திவந்திருக்கின்றன. இரண்டும் 2021-ல் பங்குச்சந்தைக்கு வந்தவை. இலங்கையில் அது கார்கில்ஸ் நிறுவனத்தின் கையில். ஜப்பானில் மிட்சுபிஷி 1970-ல் கூட்டாளியாக நுழைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்து, 2024-ல் கார்லைல் முதலீட்டு நிறுவனத்துக்குத் தன் பங்கை விற்று விலகியது. 1987-ல் பெய்ஜிங்கில் முதல் கடை திறந்த சீனக் கிளையோ 2016-ல் யம் சைனா என்ற தனி நிறுவனமாகவே பிரிந்துவிட்டது. சீனக் கடைகளின் லாபத்தை யம் பிராண்ட்ஸ் லாபமாகக் கூட்டி எழுதினால் கணக்கு உதைக்கும். அங்கிருந்து யம் பிராண்ட்ஸுக்கு வருவது உரிமக் கட்டணம் மட்டும்.

பெயர் சுருங்கிய கதையிலும் கவனம் தேவை. 1991-ல் கே.எஃப்.சி. என்று மாற்றியபோது, 'அது நிஜக் கோழியே இல்லை, ஆய்வகத்தில் வளர்த்த பல கால் உயிரினம், அதனால்தான் சிக்கன் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள்' என்ற புரளி கிளம்பியது. உண்மைக் காரணம் வேறு. எண்ணெயில் வறுத்த உணவு உடம்புக்கு ஆகாது என்ற பேச்சு பெருகிய காலம் அது. வறுத்த கோழி தவிர மற்ற பண்டங்களும் விற்க நிறுவனம் விரும்பியது. மக்களும் ஏற்கெனவே மூன்றெழுத்தில்தான் அழைத்துக்கொண்டிருந்தார்கள். இதே புரளி சீனாவில் எட்டுக் கால் கோழியாகப் பரவியபோது, 2015-ல் கே.எஃப்.சி. மூன்று நிறுவனங்கள்மேல் ஷாங்காய் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றது.

நிறுவனமே தயாரித்துத் தரும் காலவரிசையை மட்டும் நம்பக் கூடாது. அதில் கடை திறந்த தேதி இருக்கும், எதிர்ப்பு இருக்காது. இந்தியாவின் முதல் கடை 1995-ல் பெங்களூரு பிரிகேட் சாலையில் திறந்தது. சில மாதங்களிலேயே மோனோசோடியம் குளுட்டமேட் என்ற சுவையூட்டியின் அளவு கூடுதல் என்று மாநகராட்சி உரிமத்தை ரத்து செய்ய, விவகாரம் நீதிமன்றம் போனது. 1996 ஜனவரியில் எம்.டி. நஞ்சுண்டசாமி தலைமையிலான கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கம் என்ற விவசாயிகள் அமைப்பினர் அந்தக் கடைக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். தாராளமயம் வந்த புதிதில் விவசாயிகள் எதற்கு அஞ்சினார்கள் என்பதைச் சொல்லாமல், கே.எஃப்.சி. இந்தியாவில் காலூன்ற ஏன் பல ஆண்டுகள் ஆயின என்பதை விளக்க முடியாது.

எழுதப்போகிறவர்களுக்கு நான் சொல்லும் இடங்கள் இவை: அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்திடம் யம் பிராண்ட்ஸும் யம் சைனாவும் தனித்தனியே தாக்கல் செய்யும் ஆண்டறிக்கைகள், தேவயானியும் சஃபையரும் பங்கு வெளியிட்டபோது இந்தியப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியிடம் கொடுத்த விளக்க ஆவணங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், அந்தந்தக் காலத்து நாளிதழ்கள். எல்லாமே இணையத்தில் தேடினால் அகப்படுபவை. விளக்க ஆவணங்களில் 'இடர்கள்' என்ற பகுதியை முதலில் படியுங்கள். உரிமம் எத்தனை ஆண்டுக்கு, எதற்காக ரத்தாகும், யாருக்கு எவ்வளவு போகும் என்பதை நிறுவனமே தன் வாயால் சொல்லியிருக்கும் இடம் அதுதான்.