வயிற்றைக் கட்டிச் சேமிக்காதீர்கள்: கல்லூரி மாணவர்கள் பணத்தில் செய்யும் தவறுகள்

நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த மாடி அறையில் தங்கித்தான் நான் படித்தேன். இரண்டு இட்லியும் ஒரு வடையும் 40 ரூபாய். காலைச் சாப்பாட்டை விட்டால் அந்த 40 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டு, இரண்டாம் ஆண்டில் இரண்டு மாதம் ஓட்டினேன். முதல் பீரியடிலேயே கண்ணைக் கட்டும். பிறகு நெஞ்செரிச்சல், வயிற்று வலி, எண்டோஸ்கோபி, ஒரு மாத மாத்திரை. மிச்சம் பிடித்தது 1,500 ரூபாய் இருக்கும். ஆஸ்பத்திரிச் செலவு 4,000-ஐத் தாண்டியது. அதையும் அம்மாதான் யாரிடமோ கைமாற்று வாங்கி அனுப்பினார்.

சேமிப்பு என்றதும் சாப்பாட்டில் கை வைப்பதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது. கையில் காசு குறைந்துவிட்டதா? சென்னையில் படிப்பவர்களுக்கு 2013-லிருந்து அம்மா உணவகம் இருக்கிறது. ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம் என்றுதான் அதைத் தொடங்கினார்கள். அந்த வரிசையில் நிற்கக் கூச்சப்படாதீர்கள்.

அடுத்த தவறு கண்ணுக்கே தெரியாது. நமக்கு வர வேண்டிய பணத்தை வாங்காமல் விடுவது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என்று 2022 செப்டம்பரில் அறிமுகமானது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. மூன்று வருடப் படிப்புக்குக் கணக்குப் பாருங்கள், 36,000 ரூபாய். அதற்கு மேல் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை என்று தனித்தனியாக இருக்கின்றன. வருமானச் சான்றிதழ் கையில் இல்லாமல் கடைசி நாளைத் தவறவிட்டவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். அட்மிஷன் போடும் மாதத்திலேயே இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பித்துவிடுங்கள்.

விண்ணப்பித்துவிட்டால் மட்டும் பணம் வந்துவிடாது. இங்கேதான் பலர் ஏமாந்து நிற்கிறார்கள். கணக்குத் தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்தேனே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. அரசுப் பணம் நேரடியாக வர, அந்தக் கணக்கை ஆதாருடன் 'சீடிங்' செய்திருக்க வேண்டும். ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு கணக்குதான் அப்படி இணைந்திருக்கும். கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ, பணம் அங்கேதான் போகும். எனக்கு ஜூனியர் ஒருவன், கேஷ்பேக் தருகிறார்கள் என்று போனிலேயே புதிதாக ஒரு கணக்கு தொடங்கினான். ஆதாரை இணைக்கச் சம்மதம் கேட்டது உட்பட எல்லா டிக்கையும் போட்டான். ஏழு மாதம் ஸ்காலர்ஷிப் வரவில்லை என்று ஆபீஸுக்கு நடையாய் நடந்தான். பணம் முழுக்க அந்தக் கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது. மைஆதார் இணையதளத்தில் நுழைந்து, 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தைத் தட்டினால் எந்த வங்கி என்று காட்டிவிடும். இரண்டு நிமிட வேலை.

ஊருக்குப் போகும் செலவிலும் இதே கதைதான். விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும் மாணவர்களுக்கு ரயிலில் செகண்ட் கிளாஸ், ஸ்லீப்பர் வகுப்புகளில் 50 சதவீதச் சலுகை உண்டு. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 75 சதவீதம். கல்லூரி அலுவலகத்தில் படிவம் வாங்கி, பிரின்ஸிபால் கையெழுத்தோடு ரயில் நிலைய கவுன்ட்டரில்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். ஆன்லைனில் இந்தச் சலுகை கிடைக்காது. அதனாலேயே இப்படி ஒன்று இருப்பதே நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு ஆம்னி பஸ்ஸில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

கடன் ஆப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள். 5,000 ரூபாய் கடன் என்பான். 'ப்ராசஸிங்' என்று சொல்லி 1,500 பிடித்துக்கொண்டு 3,500 போடுவான். ஏழாவது நாள் 5,000 கட்டச் சொல்வான். வாங்கிய 3,500-க்கு ஒரே வாரத்தில் 1,500 வட்டி. எந்தக் கந்துவட்டிக்காரரும் இவ்வளவு கேட்க மாட்டார். கட்டத் தவறினால் உங்கள் போனில் இருக்கும் எல்லா நம்பருக்கும் அசிங்கமாக மெசேஜ் போகும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால், வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து அடுத்த ஆப்பில் கடன் வாங்கி இதை அடைக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள். 'உன் அக்கவுன்ட்டைக் கொஞ்ச நாள் கொடு, மாதம் 3,000 தருகிறேன்' என்று எவன் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில்தான்.

மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று இருந்தால் எதுவும் மிஞ்சாது. பணம் வந்த அன்றே 300 ரூபாயாவது ஆர்.டி.க்கு, அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்புக் கணக்குக்குப் போகட்டும். ஆனால் தபால் நிலைய ஆர்.டி. ஐந்து வருடக் கணக்கு, மூன்று வருடத்துக்கு முன் மூட முடியாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நல்லது. மாணவர்களுக்கு வங்கியில் ஆறு மாதம் அல்லது ஒரு வருட ஆர்.டி. பொருத்தம் என்பேன். செமஸ்டர் ஃபீஸ் கட்டும் மாதத்தில் முதிர்கிற மாதிரி போட்டால், அந்த நேரத்தில் அப்பா யாரிடமும் கை நீட்ட வேண்டியிருக்காது.

கடைசியாக, காஷன் டெபாசிட். சேரும்போது வாங்கிய அந்தத் தொகையைப் படிப்பு முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். பாக்கி எதுவும் இல்லை என்ற 'நோ டியூஸ்' சான்று வாங்கி, அசல் ரசீதோடு கேட்டால்தான் கிடைக்கும். கான்வகேஷனுக்குப் போனபோதுதான் எனக்கு அது நினைவுக்கே வந்தது. ரசீது இல்லை, கெடுவும் முடிந்துவிட்டது என்று கவுன்ட்டரில் கையை விரித்துவிட்டார்கள். 5,000 ரூபாய். மூன்றரை மாத அறை வாடகை அது. உங்கள் ரசீது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடுங்கள். கிடைத்ததும் போட்டோ எடுத்து வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அசலைப் பத்தாவது மார்க் ஷீட் இருக்கும் ஃபைலில் வையுங்கள்.