பழைய பைக்ல பின் ஷாக்அப்சர் நம்மளே மாத்துறது எப்படி (மொத தடவ செய்றவங்களுக்கு)

மன்னார்குடியிலேர்ந்து திருத்துறைப்பூண்டி போற வழியில கோட்டூர் பக்கம் எங்க ஊரு. அப்பாவோட 2004 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் இன்னும் வீட்டுல ஓடிக்கிட்டு இருக்கு, வயலுக்கு யூரியா மூட்டை போறதும் அதுலதான், அம்மாவ பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோயி விடுறதும் அதுலதான். போன சம்பா அறுவடை சமயத்துல அம்மாவ பின்னாடி உக்கார வச்சு வாய்க்கா கரை மேல வந்துகிட்டு இருந்தேன், ஒரு பள்ளத்துல எறங்கி ஏறுனதுதான், வண்டி பின்பக்கம் நிக்காம குதிச்சுகிட்டே போயி கரை ஓரம் வரைக்கும் தள்ளிட்டு போயிடுச்சு. அன்னைக்கு ஒண்ணும் ஆவல. ஆனா கரை ரோட்டுல ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் வயலு, நடுவுல ஒரு வண்டி போற அகலம்தான், அதுல பின்சக்கரம் நம்ம சொல் பேச்சு கேக்கலன்னா என்ன ஆவும்னு நெனைச்சா இப்பவும் பகீர்னு இருக்கு. அந்த வாரமே ரெண்டு ஷாக்கையும் நானே மாத்துனேன். ஸ்பானர் புடிக்கத் தெரிஞ்சா போதும், ஒரு காலையில முடிச்சிடலாம், அதனாலதான் எழுதுறேன்.

மொதல்ல ஷாக்தான் போயிருக்கான்னு உறுதி பண்ணுங்க. வெளிய தெரியிற ஸ்பிரிங்கு எடைய தாங்குறதுக்கு மட்டும்தான். அமுங்குன ஸ்பிரிங்கு திரும்ப எகிறாம புடிச்சு நிறுத்துறது உள்ள இருக்கிற ஆயிலு, ராடு மேல கீழ போறப்ப அந்த ஆயில் சின்னச் சின்ன ஓட்டை வழியா நெருக்கிப் போவணும், அந்த நெருக்கடிதான் குதிக்கிறத அடக்குது. ராடு மேல ஒரு ரப்பர் சீல் இருக்கும். நம்ம பக்கம் டிராக்டர் வயல்லேர்ந்து ரோட்டுக்கு இழுத்துட்டு வர்ற சேறு ராடுல ஒட்டிக் காஞ்சுதுன்னா உப்புத்தாள் மாதிரி அந்த சீல தேச்சுகிட்டே இருக்கும், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காத்து வேற ராடுல புள்ளி புள்ளியா துரு வைக்கும், சீல் கிழிஞ்சு ஆயில் கசிஞ்சிடும். அப்புறம் ஸ்பிரிங்கு மட்டும்தான் மிச்சம், அது எகிறத்தான் செய்யும்.

சோதிக்கிறது சுலபம். வண்டிய ஸ்டாண்டுலேர்ந்து எறக்கி ஒருத்தர ஹேண்டில் பாரை புடிச்சுக்கச் சொல்லிட்டு, சீட்டோட பின்பக்கத்த ரெண்டு கையாலயும் நல்லா அமுக்கி விடுங்க. ஒரு தடவ மேல வந்து நின்னா ஷாக் நல்லா இருக்கு. ரெண்டு மூணு தடவ ஆடுனா போயிடுச்சு. ஷாக்கோட கீழ் பாதியில ஆயிலும் தூசியும் சேந்து கருப்பா பிசுபிசுன்னு இருந்தா சந்தேகமே வேணாம். ஆனா இன்னொண்ணையும் பாத்துடுங்க, சென்டர் ஸ்டாண்டு போட்டு பின்சக்கரத்த ரெண்டு கையால புடிச்சு இடதும் வலதுமா ஆட்டுங்க, லடக் லடக்னு ஆடுனா அது ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்த வண்டியோட சேத்துப் புடிச்சிருக்கிற இரும்புக் கை) புஷ்ஷோ சக்கரத்து பேரிங்கோ, அத விட்டுட்டு ஷாக்க மாத்தி காச செலவழிச்சு பிரயோஜனம் இல்ல.

வாங்கும்போது ரெண்டாதான் வாங்கணும். ஒரு பக்கம் மட்டும்தான ஒழுவுதுன்னு ஒத்தையா போடாதீங்க, எங்க வண்டிக்கே முன்னாடி ஒரு தடவ ஒரு கடையில அப்படித்தான் போட்டுக் குடுத்தாங்க, புதுசு ஒரு பக்கம் வெறைப்பா நிக்கிது, பழசு ஒரு பக்கம் தொங்குது, ஸ்விங் ஆர்ம் ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி தள்ளப்பட்டு வளைவுல வண்டி நெளிஞ்சுது. கடைக்குப் போறப்ப வண்டி பேரும் வருஷமும் சொல்லுங்க, கூடவே மேல் ஓட்டை நடுவுலேர்ந்து கீழ் ஓட்டை நடு வரைக்கும் டேப்பு வச்சு அளந்து குறிச்சுட்டு போங்க. நீளமா போட்டா பின்பக்கம் தூக்கி செயின் கோணம் மாறிடும், சென்டர் ஸ்டாண்டும் சரியா நிக்காது. குட்டையா போட்டா லோடு ஏத்துறப்ப டயர் மட்கார்டுல இடிக்கும். ஓட்டைக்குள்ள இருக்கிற ரப்பர் புஷ்ஷோட அளவும் சரியான்னு பழசோட ஒத்துப் பாருங்க.

வேணும்கிற சாமான் ரொம்ப இல்ல. ரிங் ஸ்பானர் (எங்க வண்டிக்கு 14, உங்களுதுக்கு வச்சுப் பாத்துக்குங்க), கம்பி பிரஷ், துரு எடுக்கிற ஸ்ப்ரே, உப்புத்தாள், கொஞ்சம் கிரீஸ், மரச்சுத்தியல், ரெண்டு மூணு தடிமன்ல மரக்கட்டை, வேஸ்ட் துணி.

இந்த வேலையில நேரம் முழுக்க துருப்புடிச்ச நட்டுகிட்டதான் போவும், அதனால இத மட்டும் விரிவா சொல்றேன். முந்தின நாள் சாயங்காலமே நாலு நட்டையும் (ஒவ்வொரு ஷாக்குக்கும் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு) கம்பி பிரஷ்ஷால தேச்சு, மரை தெரியிற எடத்துல ஸ்ப்ரே அடிச்சு விட்டுடுங்க, காலையில இன்னொரு தடவ அடிங்க. ராத்திரி முழுக்க ஊறுனாத்தான் எறங்கும். தெறந்த வாய் ஸ்பானர் போடாதீங்க, அது நட்டோட ரெண்டு பக்கத்த மட்டும்தான் புடிக்கும், வழுக்கி முனை மழுங்கிடுச்சுன்னா பட்டறைக்குத்தான் போவணும். ரிங் ஸ்பானர முழுசா உள்ள எறக்கி, மொதல்ல கொஞ்சூண்டு இறுக்குற பக்கம் அழுத்துங்க, துரு விடுற 'டக்' சத்தம் கேட்டா அப்புறம் இடப்பக்கமா திருப்புங்க. ஸ்பானர உங்கள நோக்கி இழுங்க, தள்ளாதீங்க, திடீர்னு விட்டுச்சுன்னா கை சைலன்சர்லயோ ஸ்போக்குலயோ போயி இடிக்கும். அப்பவும் வரலன்னா ஸ்பானர் கடைசியில மரச்சுத்தியலால சின்னச் சின்னதா தட்டுங்க, இன்னொரு ராத்திரி ஊறட்டும். நெருப்பு காட்டி சூடு பண்றத மட்டும் செஞ்சிடாதீங்க, பக்கத்துலயே பெட்ரோல் டேங்கு இருக்கு, புஷ்ஷு ரப்பரும் கருகிடும். வண்டி ரெண்டு சக்கரத்துல, சைடு ஸ்டாண்டுல நிக்கிறப்பவே நாலையும் ஒரு கால் சுத்து மட்டும் இளக்கி வச்சுக்குங்க, சென்டர் ஸ்டாண்டுல நிறுத்திட்டு பலம் போட்டா வண்டி முன்னாடி நகந்து எறங்கிடும்.

இப்ப சென்டர் ஸ்டாண்டு. சிமெண்டு தரையா இருக்கணும், எங்க வாசல் மாதிரி களிமண்ணா இருந்தா ஸ்டாண்டுக்கு கீழ தடியான பலகை போடுங்க, இல்லன்னா பாதி வேலையில ஸ்டாண்டு மண்ணுல எறங்கி வண்டி சாயும். முன் பிரேக்க ஒரு பழைய சைக்கிள் டியூப்பால இழுத்துக் கட்டிடுங்க. பின்சக்கரத்துக்கு அடியில கட்டைய சொருகி சக்கரம் தொங்காம லேசா உக்காந்திருக்கிற மாதிரி வைங்க. இதுக்கப்புறம் ஒரே விதி, ரெண்டு ஷாக்கையும் ஒரே நேரத்துல கழட்டவே கூடாது. ஒரு பக்கம் கழட்டி புதுசு மாட்டி முடிச்சிட்டுத்தான் அடுத்த பக்கம், மத்த ஷாக்குதான் ஸ்விங் ஆர்ம அதோட எடத்துல புடிச்சுகிட்டு இருக்கும்.

கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க. சில வண்டியில பின் கைப்பிடியோ சேலை கார்டோ இதே நட்டுல சேந்து நிக்கும், எந்த வாசர் உள்ள, எது வெளியன்னு பிறகு ஞாபகம் இருக்காது. மேல் நட்டு, கீழ் போல்ட்டு ரெண்டையும் எடுத்து கழட்டுன வரிசையிலயே ஒரு பேப்பர்ல வைங்க. ஷாக் வரலன்னா ஸ்விங் ஆர்ம் அத அமுக்கியோ இழுத்தோ புடிச்சிருக்குன்னு அர்த்தம், அடியில இருக்கிற கட்டைய மாத்தி சக்கரத்த ஒரு விரக்கடை தூக்கியோ எறக்கியோ பாருங்க, தானா கையோட வந்துடும்.

வந்த பிறகு, ஷாக் மாட்டியிருந்த இரும்புத் தண்ட உப்புத்தாள் போட்டு தேச்சு துடைச்சு, இரும்பு மேல மட்டும் மெலிசா கிரீஸ் தடவுங்க. புஷ்ஷு ரப்பர்ல படக்கூடாது, ரப்பர் ஊதிடும். புது ஷாக்க மாட்டுறதுக்கு முன்னாடி நிமித்தி நிக்க வச்சு உடம்பு எடைய போட்டு ஏழெட்டு தடவ அமுக்கி விடுங்க, கடையில படுக்க வச்சிருந்ததுல உள்ள காத்து ஏறியிருக்கும், மொத அமுக்கு காலியா தெரியிறதுக்கு அதான் காரணம். பழசு எந்தப் பக்கம் மேல இருந்துச்சோ அப்படியே புதுசும். மேல மொதல்ல சொருகி, அப்புறம் கீழ. ஓட்டை சேரலன்னா சுத்தியலால அடிச்சு ஏத்தாதீங்க, சக்கரத்த கையால லேசா தூக்குனாலே சேரும். நட்ட விரலாலயே மூணு நாலு சுத்து சுத்துங்க, விரலுக்கு போவலன்னா மரை குறுக்க ஏறுதுன்னு அர்த்தம், எடுத்துட்டு திரும்ப வைங்க. ஸ்பானர் அதுக்கப்புறம்தான், அதுவும் லேசா புடிக்கிற அளவுக்கு மட்டும்.

அடுத்த பக்கமும் இதேதான்.

ரெண்டு பக்கமும் மாட்டியாச்சுன்னா கட்டைய எடுத்து, பிரேக் கட்ட அவுத்து, வண்டிய தரையில எறக்கி ஒருத்தர உக்காரச் சொல்லுங்க. இப்பத்தான் நாலு நட்டையும் முழுசா இறுக்கணும். தொங்குற நெலையில இறுக்குனா, ஆள் உக்காந்ததும் புஷ்ஷு ரப்பர் முறுக்கிகிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியும். டார்க் ரெஞ்சு (எவ்ளோ பலமா இறுக்குறோம்னு அளந்து காட்டுற ஸ்பானர்) இருந்தா வண்டி புத்தகத்துல போட்டிருக்கிற அளவுக்கு வைங்க, இல்லாட்டி சாதாரண நீளத்து ஸ்பானர்ல ஒரு கை பலம் போதும், பைப்பு சொருகி நெம்பாதீங்க, மரை கழண்டுடும்.

ஷாக்குக்கு கீழ படி படியா ஒரு வளையம் இருக்கும், லோடுக்கு தகுந்தபடி வெறைப்பு வைக்கிறதுக்கு. தனியா ஓட்டுறவங்க கீழ் படி, மூட்டை ஏத்துறவங்க மேல் படி. எந்தப் படியா இருந்தாலும் ரெண்டு பக்கமும் ஒரே படிதான், எண்ணி வைங்க.

பழைய ஷாக்க பிரிக்காதீங்க, ஸ்பிரிங்கு அமுங்குன நெலையிலதான் உள்ள இருக்கு, தெறிச்சா முகத்துல அடிக்கும். கேஸ் ஷாக்கா (உள்ள அழுத்தமா கேஸ் அடைச்சது) இருந்தா நெருப்புலயும் போடக் கூடாது. வாய்க்கால்ல வீசாம அப்படியே பழைய இரும்புக் கடையில குடுத்துடுங்க, ஆயில் தண்ணியில கலந்தா அடுத்த வயல்காரங்களுக்குத்தான் போவும்.

அமுக்கிப் பாருங்க, ஒரு தடவ வந்து நிக்கணும். செயின் தொய்வும் டயர் காத்தும் ஒரு தடவ பாத்துட்டு மொதல்ல தெருவுக்குள்ளயே ஒரு சுத்து மெதுவா போயிட்டு வாங்க, ஒரு 50 கிலோமீட்டர் ஓடுனதும் நாலு நட்டையும் திரும்ப ஸ்பானர் போட்டு பாத்துடுங்க. எங்க வண்டியில வலது கீழ் நட்டு கால் சுத்து இளகித்தான் இருந்துச்சு.