எதிர்காற்றை முதலில் முடியுங்கள்: கொங்குச் சாலைகளில் இருவராக 100 கிலோமீட்டர்

25, 30 கிலோமீட்டரைச் சிரமமின்றி ஓட்டப் பழகிவிட்ட இரண்டு நண்பர்கள், ஒரே நாளில் 100 கிலோமீட்டரை முடித்துவிட்டு, மறுநாள் வழக்கம்போல் வேலைக்கும் போவது எப்படி என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். எடுத்துக்காட்டுக்கு, பொள்ளாச்சியில் புறப்பட்டு உடுமலைப்பேட்டை வழியாக அமராவதி அணை வரை சென்று திரும்பும் பாதையை வைத்துக்கொள்வோம். போக வர ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வரும். கடுமையான ஏற்றம் கிடையாது. தாகமெடுத்தால் நிற்பதற்கு ஊரும் கடையும் உண்டு. அந்தப் பக்கமிருந்து மூணாறு நோக்கிப் போகும் சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் நுழைகிறது. யானை நடமாடும் அந்தச் சாலையில் சைக்கிளோடு போக ஆசைப்பட வேண்டாம்.

முதல் படி: மாதத்தையும் திசையையும் முடிவு செய்யுங்கள்

கொங்குச் சமவெளியில் நெடுந்தொலைவு ஓட்டுபவருக்கு மேடு இரண்டாம்பட்சம்தான். காற்றுதான் முதல் கணக்கு. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் வழிவிட்டு நிற்பதால், வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளி வழியாக உள்ளே பாய்கிறது. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பெரியவர்கள் சொன்னதைச் சைக்கிள் கணக்கில் பார்ப்போம். காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவர் அதே வேகத்தை 15 கிலோமீட்டர் எதிர்காற்றில் காப்பாற்ற முயன்றால், அவர் மீது காற்று 35 கிலோமீட்டர் வேகத்தில் மோதுகிறது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், தடை ஏறத்தாழ மும்மடங்காகிவிடும்.

ஆகவே விதி ஒன்றுதான்: உடம்பில் தெம்பிருக்கும் காலைப்பொழுதில் எதிர்காற்றை முடித்துவிட்டு, களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் படும்படி பாதையை அமைக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வரும் என்பதால், பொள்ளாச்சியிலிருந்து கிழக்கே உடுமலைக்குப் போய்த் திரும்பும் மேற்சொன்ன பாதை பொருத்தமானது. அதே பாதை ஆடி மாதத்தில் ஒரு பொறி. போகும்போது சைக்கிள் தானாக ஓடுவது போலிருக்கும், நமக்குத் திறமை கூடிவிட்டதாகவும் தோன்றும். நண்பகலில், காற்று வலுத்த பிறகு, அதை எதிர்த்து 50 கிலோமீட்டர் திரும்பியாக வேண்டும். அந்த மாதங்களில் ஓட்டியே தீருவது என்றால் உடுமலையில் புறப்பட்டு, பொள்ளாச்சி வழியாக மேற்கே ஆழியாறு அணை வரை போய்த் திரும்புங்கள். தொலைவு ஏறக்குறைய அதேதான். சாரலில் நனைவதற்கு மட்டும் தயாராக இருக்க வேண்டும்.

முதன்முறை செல்பவர்களுக்கு மார்கழி முதல் மாசி வரையிலான காலம் நல்லது. தைப்பூசத்தை ஒட்டிய நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் இரவு பகலாகச் சாலையோரத்தில் நடக்கும். ஓரம் அவர்களுக்கே உரியது.

இரண்டாம் படி: சைக்கிளைச் சரிசெய்யுங்கள்

விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. உடம்புக்குப் பொருந்திய சைக்கிள் வேண்டும். சீட்டில் அமர்ந்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன் மீது வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் ஏறக்குறைய சரி; முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கி நிற்கும். சீட் தாழ்வாக இருந்தால் 60 கிலோமீட்டருக்கு மேல் முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். டயர் 28 முதல் 32 மில்லிமீட்டர் அகலம் இருப்பது நம் பஞ்சாயத்துச் சாலைகளுக்கு ஏற்றது.

இருவராகப் போவதில் கவனிக்காமல் விடப்படும் ஒன்று உண்டு: இருவருடைய சக்கர அளவும் வால்வு வகையும் ஒன்றாக இருந்தால் ஒருவர் டியூப் மற்றவருக்கு உதவும், ஒரே பம்பும் போதும். பிரெஸ்டா எனப்படும் மெல்லிய வால்வாக இருந்தால், பஞ்சர் கடைகளில் உள்ள காற்றுக் குழாய் அதில் பொருந்தாது. சைக்கிள் கடையில் கிடைக்கும் சிறிய பித்தளை அடாப்டரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முன் விளக்கு, பின் விளக்கு, ஹெல்மெட் ஆகியவை இல்லாமல் புறப்பட வேண்டாம். மார்கழியில் காலை 6 மணிக்கு இருட்டும் பனியும் சேர்ந்தே இருக்கும்.

மூன்றாம் படி: தொலைவை மெதுவாகக் கூட்டுங்கள்

வார நாட்களில் இரண்டு முறை ஒரு மணி நேரம், ஞாயிறன்று ஒரு நீண்ட ஓட்டம் என வைத்துக்கொண்டால் போதும். நீண்ட ஓட்டத்தை 40, 50, 60 என்று கூட்டி, ஒவ்வொரு நான்காம் வாரமும் குறைத்து, 75 கிலோமீட்டரை இருவரும் பேசிக்கொண்டே முடிக்கும் நிலை வந்துவிட்டால் 100 தூரமில்லை.

நான்காம் படி: புறப்படும் முன் பேசி முடிக்க வேண்டியவை

இதைப் பலர் வெட்கப்பட்டுத் தவிர்க்கிறார்கள். நண்பர்களுக்குள் மனத்தாங்கல் வருவதும் இங்கேதான். வேகம் மெதுவாகப் போகிறவருடையது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். ஒருவருக்கு முடியாமல் போனால் இருவருக்கும் பயணம் முடிந்தது என்பதையும் வீட்டிலிருந்தே முடிவு செய்துவிடுங்கள். 70ஆவது கிலோமீட்டரில் வெயிலில் நின்று அதைப் பேசினால், முடியாதவர் முடியும் என்றுதான் சொல்வார்.

ஐந்தாம் படி: சேர்ந்து ஓட்டும் முறை

முன்னே செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவருடைய மறைவில் ஒட்டி வருபவருக்கு உழைப்பு ஏறத்தாழக் கால்பங்கு மிச்சமாகும். இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை, மைல்கல்லைப் பார்த்து மாறிக்கொள்ளலாம். முன்னே இருந்தவர் பின்னால் வண்டி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சற்றே விலகி வேகத்தைக் குறைக்க, பின்னால் இருந்தவர் தம் வேகத்தைக் கூட்டாமலேயே முன்னுக்குப் போக வேண்டும். வலுவுள்ளவர் செய்யக்கூடிய உதவி வேகமாக ஓட்டுவதன்று, அதிக நேரம் முன்னே இருப்பதுதான். அவர் ஐந்து கிலோமீட்டர் முன்னே இருக்கட்டும், மற்றவர் ஒன்று இருந்தால் போதும். வேகம் மட்டும் மாறக் கூடாது.

இரு சக்கரங்களுக்கும் நடுவே முதலில் ஒரு சக்கர அளவு இடைவெளி விடுங்கள். உங்கள் முன்சக்கரம் நண்பரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஒருபோதும் நுழையக் கூடாது. இரண்டும் உரசினால் விழுபவர் பின்னால் வருபவர்தான். பக்கக்காற்றில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காற்று வலப்பக்கமிருந்து வந்தால் மறைவு இடப்பின்புறத்தில் அமையும். நண்பர் சற்று வலப்புறமாகவும் நீங்கள் சாலையோரமாகவும் செல்லலாம். காற்று இடப்பக்கமிருந்து வந்தாலோ மறைவு சாலையின் நடுப்பக்கம் விழும்; லாரி வரும் சாலையில் அந்த மறைவைத் தேடிப் போகாமல், நேர்பின்னால் வருவதே அறிவு.

பின்னால் வருபவருக்குச் சாலை தெரியாது என்பதால், முன்னே செல்பவர் குழியையும் வண்ணம் பூசாத வேகத்தடையையும் கைகாட்டிச் சொல்ல வேண்டும். பின்னால் வாகனம் வந்தால் "வண்டி" என்று குரல் கொடுப்பது மற்றவர் பொறுப்பு.

ஆறாம் படி: தண்ணீரும் தீனியும்

மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை, தாகத்துக்குக் காத்திராமல் சிறுகச் சிறுகக் குடியுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு லிட்டர் நீருக்கு அளவிடப்பட்டது. அதை முக்கால் லிட்டர் பாட்டிலில் முழுவதும் கொட்டாமல், ஒரு லிட்டரில் கரைத்துப் பிறகு ஊற்றிக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிச் சாலையில் இளநீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. இளநீர் குடித்த கையோடு உப்புக்கடலையும் கொஞ்சம் கொறித்தால் கணக்கு சரியாகும். உப்புப் போட்ட நீர்மோர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். ஒரு மோரிஸ் வாழைப்பழத்தில் 25 கிராம் அளவுக்கு இருக்கும். கூடவே ஒரு கடலைமிட்டாய் சேர்ந்தால் அந்த மணிக்குப் போதும். பசித்த பின் சாப்பிடுவது காலம் கடந்த செயல். கொங்கு நாட்டில் எந்த நால்ரோட்டில் நின்றாலும் ஒரு பேக்கரி இருக்கும். டீயும் தேங்காய்ப் பன்னும் இதற்கென்றே செய்தவை போல உதவும். அங்கே இருக்கிற நாற்காலிதான் ஆபத்து. பத்து நிமிடம் என்று உட்கார்ந்தவர்கள் முக்கால் மணி நேரம் கழித்து எழுந்தால், காலும் இறுகிவிடும், வெயிலும் ஏறிவிடும். அரிசிம்பருப்புச் சாதத்தை வீடு திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: நம் ஊர்ச் சாலையின் சிக்கல்கள்

தை, மாசியில் கொள்ளுச் செடியைப் பிடுங்கி வந்து, வண்டிச் சக்கரத்தில் மிதிபடட்டும் என்று சாலையில் பரப்பியிருப்பார்கள். அதன் மீது ஓட்டினால் கொடி பின்பக்கப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மேல். மயில்கள் வேலிக்குள்ளிருந்து திடீரென்று தாழப் பறந்து குறுக்கே வரும். ஒன்று கடந்தால் அடுத்ததும் வரும் என்று வேகத்தைக் குறையுங்கள். தோட்டத்து நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். வழி தெரியாவிட்டால் அலைபேசி வரைபடத்தைவிடத் தோட்டத்துக்காரரிடம் "ஏனுங்ண்ணா, இந்த வழியா உடுமலைக்குப் போலாங்களா?" என்று கேட்பது மேல். வரைபடம் சாலை என்று காட்டுவது வாய்க்கால் மேட்டு மண்தடமாகவும் இருக்கலாம். அதை அவர்தான் சொல்வார்.

முள்தான் பெரிய தொல்லை. வேலிக்கு வெட்டிய வெள்வேல் முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் சாலையோரத்தில் சிதறிக் கிடக்கும். பஞ்சரானால் டியூபை மாற்றுவதற்கு முன், டயரின் உட்புறம் முழுவதும் ஒரு பழைய பருத்தித் துணியால் துடைத்துப் பாருங்கள். முள்ளின் நுனி எங்கே நிற்கிறதோ அங்கே துணியின் நூல் சிக்கும். விரலால் தடவினால் விரலில்தான் ஏறும். டயரில் எழுதியிருக்கும் பெயர் எப்போதும் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டிப் பழகினால் இன்னும் எளிது. டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, வால்விலிருந்து அதன் தூரத்தை டயரில் அளந்தால், முள் அங்கேயே அகப்படும். முள்ளை எடுக்காமல் புது டியூபைப் போட்டவர்களுக்கு அடுத்த பஞ்சர் சில கிலோமீட்டரிலேயே காத்திருக்கும். ஆளுக்கு இரண்டு டியூப் எடுத்துச் செல்லுங்கள்.

தலைசுற்றல், வியர்வை நின்றுபோதல், பேச்சில் தடுமாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நண்பரிடம் தெரிந்தால் நிழலில் படுக்கவைத்து, உடம்பை நனைத்து, 108க்கு அழையுங்கள். தமக்கு அப்படி ஆவது அவருக்கே தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் கவனிக்க வேண்டும்.

எட்டாம் படி: நேரக் கணக்கு

மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் 100 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம்; நிற்பதற்கு ஒன்றேகால் மணி. காலை 6 மணிக்குப் புறப்பட்டால் பன்னிரண்டே காலுக்கு முடிந்துவிடும்.

இது இருவருக்கும் சரிப்பட்டு வந்தால், அடுத்தது 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம். ஓட்டம், அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தொலைவுச் சைக்கிள் பயணம். இந்தியாவில் இதை ஆடாக்ஸ் இந்தியா ரேண்டனர்ஸ் அமைப்பு நடத்துகிறது. போட்டி கிடையாது, பரிசு கிடையாது. 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தால் போதும். உங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நேரம் 10 மணி. மீதி மூன்றரை மணி. சாப்பாடு, தண்ணீர், வழியிலுள்ள சோதனை இடங்களில் வாங்கும் முத்திரை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒருவருக்குப் பஞ்சரானால் நின்று உதவும் நண்பரின் கடிகாரமும் சேர்ந்தே ஓடும் என்பதால், பஞ்சருக்கென்று அரை மணி நேரத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டு மீதியைப் பங்கிடுங்கள்.